நிர்வாகம் கூட்டுக்குழுவுக்கு அழைக்கிறது: போகலாமா, வேண்டாமா?

புதுச்செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சங்கக் கிளைக்கு நான் செயலாளராகி நான்கு மாதம் ஆகிறது. இயந்திர உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை. நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 400 பேர். இரண்டு வருடத்துக்கு முன் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் கொஞ்சம் ஏறியது, ஆனால் 11 பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் வெளியேதான் இருக்கிறார்கள். அன்றிலிருந்து நிர்வாகத்தோடு எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து மட்டும்தான். ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு பதிவுத் தபாலில் பேசிக்கொள்கிறோம், சிரிக்காதீர்கள்.

போன வாரம் புதிதாக வந்திருக்கும் ஆலை மேலாளர் என்னை நேரில் கூப்பிட்டார். "கூட்டுக்குழு ஒன்று அமைப்போம். உங்கள் பக்கம் நான்கு பேர், எங்கள் பக்கம் நான்கு பேர். மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம்" என்றார். ஆள் நேர்மையானவராகத்தான் தெரிகிறார். ஆனால் வாயிற்கூட்டத்தில் இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏசி ரூம் பார்க்கப் போகிறீர்களா தோழர்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

போவதா, வேண்டாமா? போனால் என்ன கேட்டுக்கொண்டு போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட்

போகாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் இதே மாதிரி ஒரு குழு போட்டார்கள், பெயர் மட்டும் வேறு. "வேலையைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும், யோசனை சொல்லுங்கள்" என்றார்கள். நாங்களும் வெகுளியாக நம்பினோம். ஒரு பாகத்துக்கு 54 விநாடி ஆகிக்கொண்டிருந்த வேலையை, தட்டுகளை இடம் மாற்றி, பாகத்தைப் பிடித்துவைக்க ஒரு ஜிக் செய்து, 46 விநாடிக்குக் கொண்டுவந்தோம். கைதட்டினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்த உற்பத்தி வரிசையிலிருந்து மூன்று பேரைத் தூக்கினார்கள். எங்கள் யோசனைதான் எங்கள் ஆட்களை வெளியே அனுப்பியது.

அதில் ஒருவர் என் பக்கத்து மெஷின்காரர். இன்றும் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய செயலாளர்

இரவு ஷிப்ட் தம்பி சொன்னதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட குழுக்கள் செத்துப்போவதற்குப் பெரிய காரணமே இதுதான். உழைப்பாளி தன் மூளையைக் கொடுத்த பிறகு தன் வேலையே போகும் என்றால் யார் வாயைத் திறப்பார்?

ஆனால் அதை வைத்து "போகவே கூடாது" என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். முதலில் எதைக் கேட்டுக்கொண்டு போவது என்பதுதான் கேள்வி. ஒரு பழைய கதை சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்தக் கம்பெனியின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. வேலைக்கு வராதவர்கள் 20 விழுக்காட்டைத் தொட்டார்கள். திங்கட்கிழமை காலை ஆள் போதாமல் வரிசையையே ஓட்ட முடியாத நிலை. தீராத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. 1982-இல் இழுத்து மூடினார்கள். பிறகு டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தை 1984 கடைசியில் திறந்தார்கள். புது நிறுவனத்தின் பெயர் நும்மி. எல்லாரும் எதிர்பார்த்தது சங்கம் இல்லாத ஆலை. நடந்தது வேறு. பழைய ஆலையில் இருந்த அதே வாகனத் தொழிலாளர் சங்கத்தை முதலிலேயே அங்கீகரித்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பான்மையினர் அதே பழைய "மோசமான" ஆட்கள். சங்கத் தலைவர்களும் பழையவர்களே. இரண்டே வருடத்தில் அந்த ஆலை தரத்தில் ஜப்பான் ஆலைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம், குழுவாக வேலை, வேலைப் பிரிவுகளைக் குறைத்தது என்று பலர் பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் கண்ணுக்குப் படுவது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவு. கம்பெனியின் இருப்புக்கே ஆபத்து என்று வந்தால் ஒழிய ஆள்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் அதற்கு முன் மேலதிகாரிகள் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலையை உள்ளே கொண்டுவருவோம் என்று எழுதியே கொடுத்தார்கள். எழுதினால் மட்டும் போதுமா? 1988 வாக்கில் விற்பனை படுத்தது. ஆலையின் திறனில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடியது. அப்போதும் ஒருவரையும் அனுப்பவில்லை. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் போட்டார்கள். அன்றைக்குத்தான் தொழிலாளி நம்பியிருப்பான் என்பது என் எண்ணம்.

ஆகவே செயலாளர் தம்பி, முதல் கூட்டத்துக்குப் போகும்போது யோசனைப் பட்டியலோடு போகாதீர்கள். "இந்தக் குழுவில் வரும் எந்த யோசனையாலும் எவர் வேலையும் போகாது" என்ற ஒற்றை வாக்கியத்தோடு போங்கள். கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

லேத்துக்காரன்

கதை நன்றாக இருக்கிறது ஐயா. அந்த ஆலை இப்போது எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள்.

பழைய செயலாளர்

மாட்டிக்கொண்டேன். 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகியது, 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் மூடிவிட்டது. அங்கே இப்போது டெஸ்லா கார் செய்கிறது. ஆலைக்குள் எவ்வளவு ஒத்துழைத்தாலும் மூடுவதா நடத்துவதா என்று முடிவெடுக்கும் மேசையில் நமக்கு நாற்காலி இல்லையென்றால் கதி இதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடைப்பட்ட 25 வருடம் அந்தக் குடும்பங்கள் சாப்பிட்டன, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புள்ளி

நாற்காலி என்ற பேச்சு வந்ததால் நுழைகிறேன்.

ஜெர்மனியில் அந்த நாற்காலியைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. இது 1976 சட்டம். (சமமாக ஓட்டு விழுந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு, தலைவர் பெரும்பாலும் முதலாளி தரப்பு. ஆகவே "பாதி" என்பதை முழுதாக நம்பிவிடாதீர்கள்.) நிலக்கரி, எஃகுத் தொழில்களில் 1951-லேயே இதைவிட வலுவான ஏற்பாடு வந்துவிட்டது.

இந்த இழைக்கு அதைவிட முக்கியம் கீழ்மட்டத்தில் இருக்கும் ஆலைக்குழு. ஐந்து பேர் இருந்தாலே தொழிலாளர்கள் தேர்தல் நடத்தி அமைக்கலாம். நிர்வாகமும் இந்தக் குழுவும் மாதம் ஒருமுறையாவது சந்திக்க வேண்டும், நம்பிக்கையோடு ஒத்துழைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஓவர்டைம், ஷிப்ட் நேரம், கண்காணிப்புக் கருவி போன்றவற்றில் குழுவின் சம்மதம் இல்லாமல் நிர்வாகம் நகர முடியாது. ஒத்துவரவில்லையென்றால் சமரச மன்றம் முடிவு சொல்லும். ஆனால் ஆலைக்குழு வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அது சங்கத்தின் ஆயுதம். சம்பளப் பேச்சும் சங்கத்தின் வேலை, அதுவும் பெரும்பாலும் தொழில்துறை அளவில், ஆலைக்கு வெளியே நடப்பது.

கவனித்தீர்களா? சண்டை போடும் மேசை வேறு, சேர்ந்து யோசிக்கும் மேசை வேறு. இரண்டையும் ஒரே மேசையில் போட்டால், சம்பளப் பேச்சு சூடாகும்போதெல்லாம் பாதுகாப்பு, ஷிப்ட், பயிற்சி எல்லாம் சேர்ந்து எரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் (எண் 94) கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: கூட்டுப்பேரத்துக்குள் (சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடுவது) வராத பொது அக்கறை விஷயங்களுக்குத்தான் இந்தக் கலந்தாலோசனை.

ஆகவே எழுதி வாங்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சம்பளம், போனஸ், ஒழுங்கு நடவடிக்கை மூன்றும் கூட்டுக்குழுவுக்கு வராது, அவை சங்கத்தோடு மட்டும். இதை விட்டுவிட்டால் நாளைக்குக் "குழுவில் பேசிவிட்டோமே, சங்கம் எதற்கு" என்பார்கள். கைப்பாவைச் சங்கங்கள் இப்படித்தான் முளைக்கும். அமெரிக்காவில் 1935 சட்டம் முதலாளி பிடியில் இருக்கும் தொழிலாளர் அமைப்புகளைத் தடை செய்ததே இந்த அனுபவத்தால்தான்.

மனிதவள மேசை

நான் அந்தப் பக்கத்து ஆள். 14 வருடமாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கல்லெறிவதற்கு முன் ஒரு பத்தி படியுங்கள்.

உங்கள் புது மேலாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரால் செய்ய முடிந்தது பாதிதான். மீதிப் பாதி அவருக்குக் கீழே இருக்கும் சூப்பர்வைசர் கையில் இருக்கிறது. நான் பார்த்த கூட்டுக்குழுக்களில் பல உடைந்தது மேல்மட்டத்தில் இல்லை. மாதக் கூட்டத்தில் இருபுறமும் கைகுலுக்கி வெளியே வருவோம். மறுநாள் காலை வேலைத்தளத்தில் ஒரு சூப்பர்வைசர் சங்கப் பிரதிநிதியைப் பார்த்து "என்ன, மேலே போய் என்னைப் போட்டுக் கொடுத்தாயா?" என்பார். அவ்வளவுதான். அவர் தரப்பிலிருந்து பாருங்கள்: உற்பத்தி எண்ணிக்கைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், இதுவரை அவர் வாய்ச்சொல்லுக்கு நடந்த விஷயம் இனிக் குழுவில் முடிவாகும், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிர்வாகத் தரப்பு நான்கு பேரில் ஒருவர் வேலைத்தளச் சூப்பர்வைசராக இருக்கட்டும் என்று நீங்களே கேளுங்கள். விநோதமாகத் தோன்றும், கேளுங்கள்.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஷிப்ட் நேரத்தை மாற்றினோம். மாற்றம் நல்லதுதான், பேருந்து நேரத்துக்குப் பொருந்தியது. ஆனால் சங்கத்துக்குச் சொல்வதற்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம். தொழிலாளர்கள் செயலாளரிடம் கேட்டபோது அவர் "எனக்குத் தெரியாதே" என்று நின்றார். நல்ல மாற்றத்தை ஆறு மாதம் எதிர்த்தார்கள். எதிர்த்தது ஷிப்ட்டையே இல்லை, அவர் அன்று பட்ட அவமானத்தை. எதிர்த்தரப்புத் தலைவரை அவருடைய ஆட்கள் முன்னால் ஒன்றும் தெரியாதவராக நிறுத்தக்கூடாது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இரவு ஷிப்ட்

நன்றாகப் பேசுகிறீர்கள் சார். ஒரே கேள்வி. கம்பெனிக் கணக்கைக் காட்டுவீர்களா? சம்பளப் பேச்சு வந்தால் "நஷ்டம், நஷ்டம்" என்பீர்கள். அடுத்த மாதம் புதுக் கட்டடம் எழும்பும்.

மனிதவள மேசை

நேர்மையாகச் சொன்னால், சம்பளப் பேச்சு நடக்கும் மாதத்தில் மட்டும் காட்டும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். நம்பவும் வேண்டாம். பேச்சே இல்லாத மாதங்களிலும் ஆர்டர் நிலவரம், கழிவு விழுக்காடு, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியது, இவற்றைக் காட்டிப் பழக்கினால்தான் கெட்ட செய்தி சொல்லும் நாளில் எடுபடும். நான் இருந்த ஓர் இடத்தில் அது நடந்தது, இன்னோர் இடத்தில் "போட்டியாளர் கைக்குப் போய்விடும்" என்று மேலிடம் மறுத்துவிட்டது. மறுத்த இடத்தில் குழு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

தையல் மூன்றாம் வரிசை

இதுவரை பேசியவர்கள் யாரும் தொடாத ஒன்று. அந்த நான்கு பேர் யார்?

எங்கள் ஆலையில் பாதிக்கு மேல் பெண்கள். கூட்டுக்குழுவில் சங்கத் தரப்பு ஐந்து பேரும் ஆண்கள், ஐவரும் பராமரிப்புப் பிரிவு. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்கும் முறையைப் பற்றி இரண்டு வருடம் ஒரு வார்த்தை வரவில்லை. அவர்களுக்கு டோக்கன் கிடையாது, அதனால் தெரியவே தெரியாது. கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தத் தொழிலாளர் நிலைமை இன்னும் மோசம், அவர்களுக்குச் சங்கத்திலேயே இடம் இல்லை. பிறகு சண்டை போட்டு இரண்டு பெண்கள் உள்ளே போனோம். இரண்டாம் கூட்டத்திலேயே டோக்கன் ஒழிந்தது. நிர்வாகத்துக்கு அதில் ஒரு காசு செலவில்லை, யாரும் கேட்கவில்லை, அதனால் இருந்தது.

புதுச்செயலாளர் அண்ணா, அந்த "ஏசி ரூம்" கிண்டல் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கிண்டலாக விட்டுவிடாதீர்கள். பேச்சுவார்த்தையைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள், எதிர்த்தரப்போடு நடக்கும் பேரம் ஒருபுறம், சொந்த ஆட்களோடு நடக்கும் பேரம் இன்னொருபுறம் என்று. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் முதுகை ஒடிக்கும். கிண்டல் செய்தவரையே அந்த நான்கு பேரில் ஒருவராகப் போடுங்கள்.

லேத்துக்காரன்

கடைசி யோசனைக்கு என் ஓட்டு. 😄

கணக்குப்பிள்ளை

இலாபம் எங்கே போகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு ஒத்துழைப்பைப் பேசுவது எனக்கு ஒட்டவில்லை. 1930களின் கடைசியில் அமெரிக்க எஃகுச் சங்கக் கிளைத் தலைவராக இருந்த ஜோசப் ஸ்கேன்லன் ஒரு திட்டம் போட்டார். மனிதர் முன்பு கணக்காளர், பிறகு ஆலைத் தொழிலாளி. உற்பத்தி மதிப்பில் கூலிச் செலவு வழக்கமாக எவ்வளவு விழுக்காடு என்று முதலில் கணக்கிட வேண்டும். யோசனைகளால் அது குறைந்தால் மிச்சத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொழிலாளருக்கு 75 விழுக்காடு, கம்பெனிக்கு 25 விழுக்காடு என்பது பரவலாகப் பயன்பட்ட பங்கு. தனி ஆளுக்குப் பரிசு கிடையாது, எல்லாருக்கும் சேர்த்துத்தான். இரவு ஷிப்ட் சொன்ன 8 விநாடிக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அவருக்கு வெறும் சான்றிதழ் மட்டும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று. ஒத்துழைப்பு ஒருமுறை வந்துவிட்டால் நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ நிறுவனம் 1997-இல் சங்கங்களோடு கூட்டு உடன்பாடு செய்தது. பல வருடம் பெரிய உதாரணமாகப் பேசப்பட்டது. 2018-இல் சங்கக் கூட்டணியே இரண்டாகப் பிரிந்தது. 2023 அக்டோபரில் 75,000 பேர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், முக்கியக் குறை ஆள் பற்றாக்குறை. பிறகு ஒப்பந்தமும் ஆனது.

இரவு ஷிப்ட்

பார்த்தீர்களா, கடைசியில் வேலைநிறுத்தம்தான் வேலை செய்தது.

பழைய செயலாளர்

யார் இல்லை என்றார்கள் தம்பி? ஸ்வீடனில் 1938-இல் சால்ட்ஷோபாடனில் தொழிலாளர் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் செய்துகொண்ட உடன்பாட்டை எல்லாரும் புகழ்வார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பு ஓடாலன் என்ற இடத்தில் ஊர்வலம் போனவர்கள் மீது இராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். அன்றைய ஸ்வீடன் வேலைநிறுத்தங்களுக்குப் பேர்போன நாடு. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு களைத்த பிறகு, அரசாங்கம் சட்டம் போட்டு மூக்கை நுழைக்கும் முன் நாமே பேசிக்கொள்வோம் என்று உட்கார்ந்தார்கள். சங்கம் நோஞ்சானாக இருந்திருந்தால் எவன் உட்கார்ந்திருப்பான்?

1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டமும் அப்படியே. ஆலை முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் தரப்பில் அவருடைய சொந்த அக்கா அனசூயா, நடுவில் காந்தி. கேட்டது 35 விழுக்காடு கூலி உயர்வு, தருவதாகச் சொன்னது 20. காந்தி உண்ணாவிரதம் இருந்த பிறகு, இருபுறமும் நடுவர் தீர்ப்புக்குச் சம்மதித்தார்கள். சண்டை நடந்த நாட்களிலும் அக்கா தம்பிப் பேச்சு நிற்கவில்லை என்பார்கள். நமக்கெல்லாம் அந்த வசதி இல்லை, பதிவுத் தபால்தான்.

புதுச்செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். வெளியே இருக்கும் அந்த இரண்டு பேர். அவர்களை உள்ளே எடுத்தால்தான் குழு என்று நிபந்தனை போடட்டுமா?

சட்டப்புள்ளி

போட்டால் குழு பிறக்காது. போடாவிட்டால் உங்கள் ஆட்கள் மன்னிக்கமாட்டார்கள். அந்த விஷயத்தைச் சங்கத்தின் தனி மேசையில் வையுங்கள், ஆனால் தேதியோடு வையுங்கள்: இத்தனை நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று.

தையல் மூன்றாம் வரிசை

முதலில் அந்த இரண்டு பேர் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல?

புதுச்செயலாளர் (ஐந்து வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வந்தேன்.

இருவர் வீட்டுக்கும் போனேன். ஒருவர் "எங்களை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள், மறந்துவிடாமல் இருந்தால் போதும்" என்றார். இன்னொருவர் கதவைத் திறக்கவில்லை. அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பேசி அனுப்பினார்.

வேலை போகாது என்ற வாக்கியத்தை மேலாளர் எழுதிக் கொடுத்தார், ஆனால் "நிரந்தரத் தொழிலாளர்கள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிச் சண்டை போட்டோம், தோற்றோம். தோற்றதை வாயிற்கூட்டத்தில் அப்படியே சொன்னேன். சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை தனி மேசை என்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். உள்விசாரணையை 45 நாளில் முடிப்பதாகத் தனிக் கடிதம், பதிவுத் தபாலில் இல்லை, கையில். "ஏசி ரூம்" தோழர் குழுவில் இருக்கிறார். இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு சூப்பர்வைசர் வந்தார், முதல் கூட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை.

முதல் பொருளாகப் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. ஓவர்டைம் கணக்குப் புகார். மாதாமாதம் முப்பது நாற்பது பேர் நேரம் குறைகிறது என்று வருவார்கள், அலுவலகம் "பஞ்சிங் மெஷின் (வந்துபோகும் நேரத்தைப் பதிவது) சொல்வதுதான் கணக்கு" என்று அனுப்பிவிடும். இங்கிருந்து இருவர், அங்கிருந்து இருவர், பத்து நாள் பஞ்சிங் பதிவை உட்கார்ந்து பார்த்தோம். ஷிப்ட் முடிந்து அரை மணிக்குள் பஞ்ச் செய்தால் மெஷின் அந்த நிமிடங்களைக் கீழ்நோக்கி வெட்டிவிடுகிறது. 28 நிமிடம் நின்றாலும் பூஜ்யம். யாரும் திட்டமிட்டதில்லை, மெஷின் வாங்கிய நாளில் வந்த அமைப்பு. கண்டுபிடித்தது யார் தெரியுமா? வாய் திறக்காத அந்தச் சூப்பர்வைசர். அவருடைய ஆட்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

அமைப்பை மாற்றிவிட்டார்கள். நிலுவை என்று நாங்கள் ஒரு வருடத்துக்குக் கேட்டோம், மூன்று மாதத்துக்குத் தருகிறார்கள். மினிட்ஸைத் தமிழில் எழுதி வாயிலில் ஒட்டினோம். மறுநாள் பார்த்தால் யாரோ ஓரத்தில் பேனாவால் "9 மாதம் பாக்கி" என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அழிக்கவில்லை, மேலாளரும் கிழிக்கவில்லை.

இரவு ஷிப்ட்

எழுதியது யார் என்று தேடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அதையே முதல் பொருளாகப் போடுங்கள். பஞ்சிங் பதிவில் எந்த மாதத்திலிருந்து பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள், எங்கள் மெஷினும் அதே மாதிரி என்று சந்தேகம் வந்துவிட்டது.